வீட்டில் கட்டிய ஜென்னை டிராக் போட்டிக்கு ஏற்றிப் போகும் முன்

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: பழைய கார்புரேட்டர் மாருதி ஜென் கார் ஒன்றில் மாருதி எஸ்டீமின் 1.3 எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீச்சும்) எஞ்சினை அவரும் நண்பரும் சேர்ந்து பட்டறையிலேயே இறக்கியிருக்கிறார்கள். பின்சீட், ஏ.சி., தரைவிரிப்பு எல்லாம் கழற்றியாயிற்று. அடுத்து வருகிற கால் மைல் டிராக் (drag) போட்டியில், அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்ப்பாதையில் கால் மைலை யார் முதலில் கடப்பது என்ற போட்டியில், ஓட்ட ஆசை. அதற்கு முன் டர்போ மாட்டிவிடலாமா, ஃப்ளைவீலை (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) லேத்தில் கொடுத்து எடை குறைக்கலாமா, ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு) அடிக்கணுமா, ராத்திரி பைபாஸில் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா, போட்டி நாளில் என்னதான் நடக்கும்?

பைபாஸை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவின்படி பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை, 10,000 ரூபாய். 2019 திருத்தத்தில் கூட்டிய தொகை இது. "நான் யாரோடும் பந்தயம் போடவில்லை, தனியாகத்தான் ஓட்டினேன்" என்றாலும் தப்பிக்க முடியாது. அதே பிரிவு வேகச் சோதனையையும் சேர்த்தே தடுக்கிறது. உங்கள் வண்டிக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. 52வது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எஞ்சின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதியாமல், உள்ளே எல்லாவற்றையும் கழற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டுவதே தவறு. வாகனக் காப்பீடும் கை கொடுக்காது. பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்: ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை இரண்டையும் விலக்கித்தான் எழுதியிருப்பார்கள்.

சட்டத்தை விடுங்கள். பைபாஸ் ஓட்டத்தால் உங்களுக்குத் தெரியப்போவது ஒன்றுமில்லை. நேரம் அளக்கக் கருவி கிடையாது, ரோடு மட்டமா சரிவா தெரியாது, எதிரே பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிப்பரோ தேங்காய் லோடு டெம்போவோ எப்போது வரும் என்றும் தெரியாது.

சரி, எங்கே ஓட்டுவது? கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதே என்று எல்லோருக்கும் தோன்றும். 2003ல் திறந்த தளம். மாருதி 800 எஞ்சினை வைத்து 1988ல் ஃபார்முலா மாருதி காரைக் கொண்டுவந்த நம்மூர் கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள, வளைந்து வளைந்து போகிற சுற்றுப்பாதை அது. கால் மைல் என்பது 402 மீட்டர். அது ஓடத்தான், நிற்க அதற்கப்புறமும் நேர்ப்பாதை வேண்டும். அதனால்தான் இந்தியாவில் கார் டிராக் போட்டிகள் பெரும்பாலும் விமான ஓடுதளங்களைத் தேடிப் போகின்றன. மகாராஷ்டிரத்தில் லோனாவாலா பக்கத்து ஆம்பி வேலி ஓடுதளத்தில் நடந்த வேலி ரன் போட்டி அப்படித்தான். சென்னை இருங்காட்டுக்கோட்டையில் தேசிய டிராக் சாம்பியன்ஷிப் நடக்கிறது, ஆனால் அது மோட்டார் சைக்கிள்களுக்கானது. எந்தப் போட்டியாக இருந்தாலும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கீகாரம் இருந்தால் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, வண்டிப் பரிசோதனை எல்லாம் விதிப்படி இருந்தாக வேண்டும். போட்டிக்கென்று வெளியிடும் துணை விதிப்புத்தகத்தை வாங்கி, உங்கள் வகுப்புக்கு எந்த ஹெல்மெட், எந்த பெல்ட், எந்த லைசென்ஸ் என்று வரி வரியாகப் படியுங்கள். நான் இங்கே சொல்வதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகாத இடத்தில் அதுதான் செல்லும்.

செட்டிபாளையம் உங்களுக்கு வேறொரு விதத்தில் உதவும். அங்கே பயிற்சி நாளில் பணம் கட்டி வண்டியை இறக்கிச் சும்மா சுற்றுங்கள். பத்து நிமிஷம் விடாமல் ஓடினால் சூடு ஏறுகிறதா, பிரேக் மிதி கீழே இறங்குகிறதா, எங்கே ஆயில் கசிகிறது எல்லாம் தெரிந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் முதல் ஓட்டத்தில் கண்டுபிடிப்பதைவிட இது ரொம்ப மலிவு.

இப்போது வண்டி. எஸ்டீமின் 16 வால்வு எஞ்சினுக்கு 85 பி.எச்.பி. (குதிரைசக்தி). கழற்றிய ஜென்னோடு உங்கள் எடையும் சேர்த்து 780 கிலோ என்று வையுங்கள். டிராக் பந்தயக்காரர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு: எடையைப் பவுண்டில் எடுத்து, பி.எச்.பி.யால் வகுத்து, கனமூலம் கண்டு, 5.825ஆல் பெருக்கினால் கால் மைலுக்கான நேரம் வரும். உங்கள் வண்டிக்கு 15.9 விநாடியை ஒட்டி வருகிறது. கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 138 கி.மீ. சுமார். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் கிடைக்கும் நேரம். முதல் தடவை 17ஐ ஒட்டி வந்தாலும் சோர்ந்து போகாதீர்கள்.

அதே கணக்கில் இன்னும் 50 கிலோ குறைத்தால் மூன்றில் ஒரு பங்கு விநாடி மிச்சம். பத்து குதிரைசக்தி கூட்டினால் அரை விநாடிக்குச் சற்று மேல். ஆனால் கிளம்பிய முதல் 60 அடியில், அதாவது 18 மீட்டரில், பத்தில் ஒரு பங்கு விநாடி மிச்சப்படுத்தினால் கடைசியில் அது ஒன்றரை மடங்காவது வந்து சேரும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியைப் புதிதாக ஓட்டுபவர் அந்த 60 அடியில் வீணடிப்பது பெரும்பாலும் விநாடியில் பத்தில் இரண்டு மூன்று பங்கு. காசு செலவில்லாமல் கிடைக்கக்கூடிய நேரம் அங்கேதான் கிடக்கிறது. ஆகவே டர்போவைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். முதல் போட்டிக்கு உங்கள் வேலை மூன்றே மூன்று: பரிசோதனையில் தேறுவது, நேராக ஓடுவது, முழுசாக நிற்பது. இந்த மூன்றுக்கும் குதிரைசக்தியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பரிசோதனை மேசையில் நிற்பவர் உங்கள் எஞ்சினைப் பார்த்து வியக்க மாட்டார். நேராகப் பெட்ரோல் லைனுக்குத்தான் குனிவார். உங்கள் வண்டியில் எனக்கும் பெரிய கவலை அதுதான். ஜென் கார்புரேட்டர் வண்டி. அதன் பம்பும் ரப்பர் ஹோஸும் கால் பார் அளவு அழுத்தத்துக்குச் செய்தவை. எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட 3 பார் வேண்டும். வெளியே ஒரு மின்பம்பை மாட்டி, இருக்கிற ஹோஸிலேயே கிளிப்பை இறுக்கி விட்டிருந்தால், பட்டறையில் ஓடும்வரை ஒன்றும் ஆகாது. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் எஞ்சின் குலுங்கும்போதுதான் ஹோஸ் முனை நழுவும். 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் சொட்டாது, பனிபோலத் தெளிக்கும்.

நம்மூரில் இதற்கு ஒரு சபலம் உண்டு. போர்வெல் ரிக்குக்கும் பொக்லைனுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடை தெருவுக்கு ஒன்று இருக்கிறது; கேட்ட நீளத்துக்குப் பத்து நிமிஷத்தில் போட்டுத் தருவார்கள், 200 பார் தாங்கும் என்பார்கள். தாங்கும், ஆயிலுக்கு. உள்ளே இருக்கிற ரப்பர் பெட்ரோலுக்கென்று செய்ததல்ல. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. கேட்டு வாங்க வேண்டியது ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஹோஸ், மேலேயே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். கிளிப்பும் அதற்கென்று வருகிற விளிம்பு மடித்த வகையாக இருக்கட்டும். பட்டையில் வரி வரியாக வெட்டு இருக்கும் சாதாரணத் திருகு கிளிப் இறுக்க இறுக்க ரப்பரையே அறுத்துவிடும். தரைக்கு அடியில் போகும் லைன் இரும்புக் குழாயாக, கல் படாத இடத்தில், ஒரு சாணுக்கு ஒரு கிளாம்பு போட்டு ஓடட்டும். வண்டிக்குள்ளே லைனில் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது.

எத்தனால் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த பெட்ரோலுக்குக் காற்று கொஞ்சம் குறைவாகவே வேண்டும். உங்கள் எஞ்சினின் அந்தக் காலத்து கம்ப்யூட்டர் முழு ஆக்ஸிலேட்டரில் பழைய அளவிலேயே பெட்ரோலை விடும். கலவையில் பெட்ரோல் குறைந்து வெளிறிப் போகும். கோயம்புத்தூரில் ட்யூனிங் செய்பவர்களிடம் இந்தக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இருக்கும். ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள், பிஸ்டன் பிழைக்கும்.

அடுத்தது கில் ஸ்விட்ச், அவசரத்தில் எல்லாவற்றையும் அணைப்பது. பேட்டரி ஒயரை வெட்டும் சாதா ஐசொலேட்டரை மாட்டி, "எல்லாம் ஆஃப் ஆகிவிடும்" என்று கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திருப்பச் சொல்வார்கள். எஞ்சின் நிற்காது! ஆல்டர்னேட்டரே இக்னிஷனுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். இதற்கென்று ஆறு முனை ஸ்விட்ச் கிடைக்கிறது. அது இக்னிஷனையும் சேர்த்து வெட்டி, ஆல்டர்னேட்டர் கரண்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு விடும். வீட்டிலேயே ஓடும் எஞ்சினில் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். பெட்ரோல் பம்பும் அதோடு நிற்க வேண்டும்.

பேட்டரியை ரப்பர் பட்டையில் கட்டாதீர்கள். இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு, பாசிட்டிவ் முனைக்கு மூடி வையுங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிளை எஸ்டீம் த்ராட்டிலுக்குப் பொருத்தியிருப்பீர்கள். முழுக்க மிதித்து விட்டால் தானே சடக்கென்று திரும்புகிறதா, இரண்டு ஸ்பிரிங் இருக்கிறதா பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளிவிடும் பிரீதர் குழாயை வெளியே தொங்கவிடாமல் 2 லிட்டர் டப்பா ஒன்றில் இறக்குங்கள். ஓடுபாதையில் ஆயில் சிந்தினால் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து, போட்டியும் ஒரு மணி நேரம் நிற்கும், ஊரே உங்களைத் திட்டும். முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, கைக்கு எட்டும் இடத்தில் இரும்புக் கட்டில் மாட்டிய தீயணைப்பான். தளர்வாக உள்ளே எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பேனர் ஒன்று மிதிக்கடியில் உருண்டு வந்தால் போதும்.

ரோல் கேஜ் பற்றி என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. 16 விநாடி வண்டிக்கு அது அவசியமில்லை. அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதியிலேயே பழைய மூடிய கார்களுக்கு ரோல் பார் (கேஜின் எளிய வடிவம்) கட்டாயமாவது 11.49 விநாடியிலிருந்து கீழேதான். உங்கள் போட்டி விதி கேட்டால் போடுங்கள், போட்டால் ஒழுங்காகப் போடுங்கள். ஒழுங்கு என்றால் உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ. சொல்கிற மாதிரி: கோல்ட் டிரான் சீம்லெஸ் (சூடாக்காமல் இழுத்த, ஒட்டு இல்லாத) குழாய், பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. கனம், அல்லது 50க்கு 2. மற்றவற்றுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. பாடியோடு சேரும் இடத்தில் 3 மி.மீ. தகடு, 120 சதுர செ.மீ. பரப்புக்குக் குறையாமல். பட்டறையில் கேட்டுக்கு அடித்த மிச்ச ஜி.ஐ. பைப்பை வளைத்துப் பற்றவைத்தால், அது விபத்தில் மடங்கி உங்கள் தலைப்பக்கம்தான் வரும். ஹெல்மெட் இல்லாமல் கேஜ் வைத்த வண்டியில் ஒருநாளும் ஏறாதீர்கள். தலைக்கு அரை அடி தூரத்தில் இரும்பு இருக்கிறது. நாலு முனை பெல்ட் போட்டால் தோளுக்கு மேல் வரும் பெல்ட் பட்டைகள் பின்னோக்கி நேராகவோ சற்றுச் சரிந்தோ போக வேண்டும், 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. சீட்டுக்குப் பின்னால் தரையில் போல்ட் போட்டு இழுத்தால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும்.

ஃப்ளைவீல் கேள்விக்கு வருகிறேன். கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ எந்த லேத்தில் கொடுத்தாலும் மைக்ரான் சுத்தமாகக் குறைத்துத் தருவார்கள், மில் உருளைக்குப் போடுகிற டைனமிக் பேலன்சிங்கும் செய்து தருவார்கள். வேலைத் திறமையில் குறை சொல்லவே முடியாது. ஆனால் கையில் இருப்பது வார்ப்பிரும்பு. 7,000 ஆர்.பி.எம்.மில் அதன் விளிம்பு விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தை ஒட்டிச் சுற்றுகிறது. எங்கே வெட்டினாலும் பலவீனம், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் போச்சு. குறுக்கே படுத்திருக்கும் எஞ்சினில் அது உடைந்தால் துண்டுகள் எஞ்சினுக்கும் உங்களுக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலைத் துளைத்து உள்ளே வருகிற திசையில்தான் சுழல்கிறது. இத்தனை ஆபத்துக்கும் பலன் என்ன? சிறிய எஞ்சினுக்குக் கிளம்பும் நேரத்தில் கனமான ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சக்திதான் உதவி. எடை குறைத்தால் கிளட்சை விட்டதும் ஆர்.பி.எம். சட்டென்று விழும். லேசானது வேண்டுமென்றால் ஒரே கட்டியிலிருந்து கடைந்த ஸ்டீல் ஃப்ளைவீல் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பிறகு. இப்போது புது கிளட்ச் பிளேட், நல்ல பிரஷர் பிளேட், அவ்வளவு போதும்.

லேத்தில் கொடுக்க நல்ல வேலை ஒன்று இருக்கிறது: எஞ்சின் மவுண்டிங். பழைய ரப்பர் மவுண்ட் தளர்ந்திருந்தால், கிளட்சை விட்ட நொடியில் எஞ்சின் பின்னுக்குச் சாய்ந்து, திரும்பி, மறுபடி சாயும். சக்கரம் தரையில் துள்ளும். தடதடவென்று அந்தச் சத்தம் கேட்டவுடன் காலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆக்சிலோ அதன் முனையிலுள்ள சி.வி. ஜாயின்ட்டோ முறியும். மில்களுக்கு பாலியூரிதேன் வார்ப்பவர்களிடம் பழைய மவுண்ட்டைக் கொடுத்தால் உள்ளே ஊற்றித் தருவார்கள். ரொம்பக் கெட்டியாக வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். கெட்டித்துப் போனால் வண்டி முழுக்க அதிரும், பிராக்கெட் விரிசல் விடும்.

முன்சக்கர வண்டிக்குள்ள சிக்கல் இதுதான்: கிளம்பும்போது எடை பின்னுக்குப் போகும், இழுக்கிற சக்கரமோ முன்னால். உங்கள் வண்டி அரை ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) கிளம்பினால், எடை மையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்தால், சுமார் 80 கிலோ முன்னாலிருந்து பின்னுக்கு மாறும். அதைக் குறைக்கத்தான் எல்லா வித்தையும். பின் டயரில் காற்றைக் கூட்டுங்கள், 40 பி.எஸ்.ஐ. வரை. முன்னால் சாதா ரேடியல் என்றால் 24ஐ ஒட்டி ஆரம்பித்து, இரண்டு இரண்டாக மாற்றி 60 அடி நேரத்தைப் பாருங்கள். பின் ஸ்பிரிங் கெட்டியாக இருக்கட்டும்; வண்டி பின்னால் உட்காரக் கூடாது. அதனால் பின்சீட்டைக் கழற்றியது நல்லது, பேட்டரியைப் பின்னால் கொண்டு போவது கெட்டது. பின்சக்கர வண்டிக்காரர்கள் சொல்கிற யோசனையைக் கேட்டு அதைச் செய்துவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதி இருக்கும், வாரமும் வருடமும். ஐந்தாறு வருடம் தாண்டிய டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் கல்லாகியிருக்கும். உக்கடத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினீர்களானால் இதைப் பார்த்து வாங்குங்கள்.

வண்டியை லாரியில்தான் ஏற்ற வேண்டும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிக்கு ஆளைத் தேட வேண்டியதில்லை, ஆனால் கார் ஏற்றுகிற சாய்தள ரெக்கவரி வண்டியாகப் பாருங்கள். சரக்கு லாரி ஆட்கள் பாடி மேல் கயிறு போட்டு இழுத்துவிடுவார்கள். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ராட்செட் பெல்ட். சஸ்பென்ஷன் ஆட, வண்டி நகராமல் இருக்கும். டேங்கில் கால் பாகம் பெட்ரோல். அதற்குக் கீழே போனால் கிளம்பும்போது எல்லாம் பின்னுக்கு ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். ஆர்.சி. நகலும் போட்டி அழைப்புக் கடிதமும் டிரைவர் கையில் இருக்கட்டும்.

போட்டி நாளில் காலையிலேயே போய்ப் பரிசோதனை வரிசையில் நில்லுங்கள். அதில் தேறியதும் டிரைவர்களுக்கான கூட்டம் நடக்கும். தூங்காமல் கேளுங்கள், எந்தப் பக்கம் வெளியேறுவது என்பது அங்கேதான் சொல்வார்கள். உங்கள் முறை வந்ததும் தண்ணீர்ப் பெட்டி வரும், பந்தய டயரை நனைத்துச் சுழற்றிச் சூடேற்றும் இடம். பள்ளம் வெட்டிய சாதா டயருக்கு அதில் இறங்க வேண்டாம், சுற்றிப் போங்கள். டயரின் வரிப்பள்ளம் தண்ணீரைத் தொடக்கக் கோடு வரை சுமந்துகொண்டு வரும். காய்ந்த இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு முன்சக்கரத்தை ஒரு விநாடி சுழற்றி மண்ணை உதறினால் போதும். புகை கிளப்புவது கூட்டத்துக்கு.

அப்புறம் மரம். கம்பத்தில் அடுக்கிய விளக்குகள் அவை. மெதுவாக நகர்ந்து போனால் முதலில் மேல் விளக்கு எரியும்; இன்னும் ஒரு சாண் போனால் இரண்டாவதும் எரியும். முன்சக்கரம் ஒளிக்கதிரை மறைத்ததால் எரிவது அது. இரண்டாவது எரிந்த கணத்திலேயே நின்றுவிடுங்கள். அப்போது சக்கரம் கதிரை விட்டு விலகுவதற்குள் கொஞ்ச தூரம் உருளக் கிடைக்கும். கடிகாரம் ஆரம்பிப்பது அந்த விலகலில்தான். பச்சை எப்போது வந்தது என்பதற்கும் உங்கள் ஓட்ட நேரத்துக்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக வரும். சில போட்டியில் மூன்றும் ஒன்றாக வந்து 0.4 விநாடியில் பச்சை. பச்சைக்கு முன் நகர்ந்தால் சிவப்பு, தோல்வி. முதல் ஓட்டத்தில் பச்சையைக் கண்ணால் பார்த்த பிறகே கிளம்புங்கள். ஓட்டம் முடிந்ததும் கையில் தரும் நேரச் சீட்டில் ஒரு நஷ்டமும் வராது.

கிளம்ப 3,000 ஆர்.பி.எம். வைத்து ஆரம்பியுங்கள். கிளட்சை உதைத்து விடாமல், கடிக்கும் இடத்தில் அரை விநாடி பிடித்து விடுங்கள். சக்கரம் கீச்சென்று லேசாகப் பேசினால் சரி, கத்தினால் அடுத்த தடவை ஐந்நூறு குறையுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். வலது இடது ஆக்சில் நீளம் வேறு வேறு என்பதால் முதல் கியரில் ஒரு பக்கம் இழுக்கும். ஓடுபாதையின் நடுக்கோட்டைத் தொடுகிற மாதிரி இருந்தால் காலை எடுத்துவிடுங்கள். ஏதாவது உடைந்தால் உங்கள் பக்கத்து ஓரத்துக்கு ஒதுங்குங்கள், ஒருநாளும் குறுக்கே வராதீர்கள். பக்கத்து வண்டி கண்ணாடியில் தெரியாத இடத்தில் இருக்கலாம்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பிரேக்கில் ஏறி நிற்காதீர்கள். 138 கி.மீ. வேகத்திலிருந்து நிதானமாக 0.4 ஜி அளவில் அழுத்தினால் 190 மீட்டரில் நிற்கும். எடை குறைத்த பின்பக்கம், 40 பி.எஸ்.ஐ. டயர், பின்னால் டிரம் பிரேக். பட்டென்று மிதித்தால் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். காலை எடுத்து, வண்டி நேரானதும் மெதுவாக அழுத்தி, கிளட்சைக் கடைசியில் மிதியுங்கள். கிளட்ச் முதலில் போனால் எஞ்சின் பிரேக் போய்விடும்.

சீட்டு கையில் வந்ததும் எல்லோரும் மொத்த நேரத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் 60 அடி நேரத்தையும் முடிவு வேகத்தையும் பாருங்கள். வேகம் 135க்கு மேல் வந்து நேரம் மோசமாக இருந்தால் எஞ்சினில் குறையில்லை, கிளம்புவதில் இருக்கிறது. வேகமே 125 என்றால் பிளக், டைமிங், பெட்ரோல் அழுத்தம் என்று தேடுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். டயர் காற்றையும் கிளம்பும் ஆர்.பி.எம்.மையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. காற்று, வெயில், எதிர்க்காற்றா பின்காற்றா என்பதையும் சீட்டின் பின்னாலேயே எழுதுங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்தவர்களுக்கு எதிர்க்காற்று என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஓட்டத்துக்கு நடுவே எஞ்சினை ஆற விடுங்கள், வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், பெட்ரோல் ஹோஸ் முனைகளைக் கையால் தடவிப் பாருங்கள்.

டர்போ ஆசை போகவில்லை என்றால், 60 அடி நேரம் 2.4க்குக் கீழே நிலையாக வரட்டும். அந்தச் சீட்டுகளோடு மறுபடி கேளுங்கள். அப்போது பேச வேண்டியது டர்போவைப் பற்றியல்ல, அந்த இழுவையில் முதலில் உடையப்போகும் கியர்பாக்ஸைப் பற்றியும் ஆக்சிலைப் பற்றியும்.